ஏழாவது நிமிடத்து நாற்காலி

நவீன நடனத்துக்கு இசையமைக்கிறவர்களிடம் ஊர் உலகம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "அது சரி, வேலை என்ன பாக்கறீங்க?" நம் இசைக்காரிக்கு நாற்பத்தொரு வயது. பதினான்கு வருடமாக இதற்கு விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், இப்போதெல்லாம் "சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறாள். சும்மா இருப்பது எல்லோருக்கும் புரிகிற வேலை என்பதால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

அவள் வாசிப்பது செல்லோ, அதாவது முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின். அது போக இரண்டு மைக், ஒரு கணினி, தட்டினால் ஏதாவது சத்தம் வரும் என்று அவள் நம்பிய வாளி, தாம்பாளம், தகர டப்பா இத்யாதி. மெட்டுப் போடுவது அவள், வாசிப்பது அவள், பதிவு செய்வது அவள், சரியில்லை என்றால் திட்டு வாங்குவதும் அவள். ஸ்டுடியோ என்று அவள் மரியாதையாகச் சொல்லும் இடம் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் இருந்த சாமான் அறை. சுவர்களில் பழைய மெத்தைகளை அடித்து வைத்திருந்தாள். கதவு பழுதாகிப் போனதால் அந்த இடத்தில் ஒரு கம்பளி தொங்கியது.

அப்பா அம்மா விட்டுப்போன அந்த வீட்டில் அவளோடு இருந்தது அண்ணன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பகல் முழுக்க ஆறு பேர் என் உயிரோட விளையாடறாங்க, வீட்டுலயும் வேணுமா?" என்பான். வாத்தியார் சீட்டுக்குக் கீழே தனியாக ஒரு பிரேக் இருக்குமே, அதை மிதித்து மிதித்து அவன் வலது கால் கெட்டுப்போயிருந்தது. டிவியில் யாராவது வேகமாக ஓடினால்கூட அந்தக் கால் தரையை அழுத்தும்.

அவன் தங்கையின் இசையைப் பற்றி ஒரே கருத்துதான் வைத்திருந்தான். "பாட்டே இல்லாத பாட்டு, கதையே இல்லாத ஆட்டம். ரெண்டுக்கும் நல்ல பொருத்தம்." ஒரு நிகழ்ச்சிக்கும் அவன் வந்ததில்லை. வீட்டில் வாசிக்கும்போது கேட்கக் கூப்பிட்டால், "உன் பாட்டு எப்ப ஆரம்பிக்கும்னு சொல்லு, வந்துடறேன்" என்பான். அது ஏற்கெனவே ஆரம்பித்து மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

இந்த முறை வந்தது பெரிய வேலை. நடனக் குழுவை நடத்துகிறவளை ஆடுகிறவர்கள் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வந்து பதினெட்டு நிமிட இசை கேட்டாள். அறுநூறு பேர் உட்காரும் அரங்கம், பதினொரு பேர் ஆட்டம். அதுவரை எழுபது நாற்காலியைத் தாண்டாத இசைக்காரி ஏழு மாதம் தலைகீழாக நின்றாள்.

ஆடுகிறவர்களுக்குப் பழக ஏதாவது வேண்டும் என்று இரண்டாவது மாதமே ஒரு ரஃப் பதிவு கேட்டார்கள். அன்றைக்கு மெத்தை அறையில் புழுக்கம் தாங்கவில்லை. செல்லோவைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் கொண்டுவந்து, செல்போனை மேசைமேல் வைத்து, பதினெட்டு நிமிடத்தையும் ஒரே மூச்சில் வாசித்தாள். ஏழாவது நிமிடத்தில் மணி ஒன்று பத்து. அண்ணன் சாப்பிட வந்தான், நாற்காலியை இழுத்தான். வில் நின்றது. இசைக்காரி அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான். அந்தக் கோபத்தோடேயே மிச்சத்தை வாசித்து முடித்து, ரஃப்தானே என்று அப்படியே அனுப்பிவிட்டு மறந்துபோனாள்.

அதற்குப் பிறகுதான் அவள் சத்தத்தின் மேல் போர் தொடுத்தாள். கடிகாரத்தில் பேட்டரியைப் பிடுங்கினாள். பதிவு செய்யும்போது ஃபிரிட்ஜை அணைத்ததில் அண்ணனின் பால் மூன்று முறை திரிந்தது. வீட்டிலிருந்த அத்தனை நாற்காலிக் கால்களுக்கும் ரப்பர் மாட்டினாள். "எனக்கும் மாட்டிடு, நடந்தா சத்தம் வருது" என்றான் அண்ணன். கடைசியில் துடைத்து வைத்த கண்ணாடியைப்போல ஒரு பதிவு கிடைத்தது. அதைக் கேட்டபோது அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

சனிக்கிழமை நிகழ்ச்சி. புதன்கிழமை காலை அவள் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு ஒத்திகைக் கூடத்துக்குப் போனாள். லாரி உதிரிபாகக் கிடங்குக்கு மேலே நீளமான கூடம், தைல வாசனை, சுவர் முழுக்கக் கண்ணாடி. பதினொரு பேரும் ஆரம்பித்தார்கள். ஆறு நிமிடம் அருமையாகப் போயிற்று. ஏழாவது நிமிடத்தில் பதினொரு பேரும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்போல நடுக்கூடத்தில் நின்றுவிட்டார்கள்.

"அக்கா, அந்த க்ரீச் எங்க?" என்றாள் கேப்டன்.

"எந்த க்ரீச்?"

"க்ர்ர்ரீச்னு ஒண்ணு வருமே. கீழேர்ந்து ஏறி, ஒரு தடவை நின்னு, திரும்ப ஒரு இழு இழுக்கும். அதுக்குத்தானே எல்லாரும் விழறோம்!"

"அது எங்க அண்ணன் நாற்காலியை இழுத்த சத்தம், கேப்டன்."

கேப்டன் சிரிக்கவில்லை. ஆடுகிறவர்களும் சிரிக்கவில்லை. ஐந்து மாதமாக அவர்கள் தாளத்தை எண்ணவே இல்லை, க்ரீச்சைத்தான் எண்ணியிருக்கிறார்கள். க்ரீச்சுக்கு முன்னால் எட்டு, க்ரீச்சுக்கு விழு, அப்புறம் மூச்சை அடக்கு. இசைக்காரி முதல் ஒத்திகையோடு சரி, பிறகு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"அதுதான்க்கா இந்த ஆட்டத்தோட உயிரே. அது முடிஞ்சு நாலு செகண்ட் சும்மா இருப்பீங்க, அப்புறம் கொலைவெறியோட வாசிப்பீங்க. இதுல அந்த வெறியும் இல்லை. சுத்தமா இருக்கு, ஆனா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

ரஃப்பையே போடலாம் என்றால், அது செல்போன் பதிவு. பெரிய அரங்கத்தில் தகரத்தைச் சுரண்டுவதுபோல் கேட்கும். கேப்டன் பேச்சை வளர்க்கவில்லை. "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த இடம் சரியா வரணும். இல்லன்னா, மன்னிச்சுக்குங்க, கடையில ரெடியா கிடைக்கற இசை ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். அதைப் போட்டு ஆடிடறோம்."

ஏழு மாத உழைப்புக்கு உயிர் நாற்காலியாம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீடு வந்தாள். கடைச் சரக்கு அந்த மேடையில் ஏறினால் இனி செல்லோவைத் தொடப்போவதில்லை என்றும் முடிவு செய்தாள். கோபத்தில் எடுத்த முடிவுதான், ஆனாலும் பொய்யில்லை.

ரப்பரைக் கழற்றினாள். மைக்கை வைத்து நாற்காலியை இழுத்தாள். எலி கத்தியது. வேறு நாற்காலி, வேறு தரை, மேலே அரிசி மூட்டை வைத்து ஒரு இழு. ம்ஹூம். மாலையில் வேலை முடித்து வந்த அண்ணனிடம் கௌரவத்தை விட்டுக் கேட்டாள்.

"அண்ணா, இந்த நாற்காலியை இழுத்து உக்காரேன்."

"எதுக்கு?"

சொன்னாள்.  அவன் உள்ளே போய்த் தலை சீவிக்கொண்டு வந்தான்.

மைக்கைப் பார்த்ததும் ஆள் மாறிவிட்டான். பெண் பார்க்கப் போன வீட்டில் உட்காருவதுபோல நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, ஓசைப்படாமல் வைத்து, நுனியில் உட்கார்ந்தான். பதினைந்து தடவை. "இயல்பா உக்காருடா" என்று அவள் கத்தினாள். "இயல்பாத்தான் உக்காருறேன். நீ முறைக்கிறே, எனக்கு வரமாட்டேங்குது." வருடக்கணக்காக வேண்டாத நேரத்தில் எல்லாம் வந்த சத்தம், வேண்டும் என்றதும் வரவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. காலையெல்லாம் முயன்று தோற்று, அவள் மேசைப் பக்கம் செல்லோவோடு உட்கார்ந்திருந்தாள். மைக் ஓடிக்கொண்டிருந்தது. கடைச் சரக்கு வருவதற்கு முன் ஒரு தடவையாவது ஒழுங்காக வாசித்துவிடலாம் என்று ஐந்தாவது நிமிடத்திலிருந்து தொடங்கினாள். மணியைப் பார்க்கவில்லை. கதவு திறந்தது. அண்ணனின் மாணவி ஒருத்தி அன்றைக்கு வண்டியை நடைபாதைமேல் ஏற்றிப் பூக்கடை வாசலில் நிறுத்தியிருந்தாள். அவனுக்குப் பசி, எரிச்சல், முழங்கால் வலி. மைக்கும் தெரியவில்லை, தங்கையும் தெரியவில்லை.

க்ர்ர்ரீ… ச்!

"அப்பாடா" என்று உட்கார்ந்தான்.

வில் நின்றது. என்ன வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை வருடப் பழக்கம் விடவில்லை. சரியாக நல்ல இடத்தில் வந்து கெடுத்தானே என்று முதலில் பொங்கியது கோபம்தான். முறைத்தாள். அவன் அப்போதுதான் மைக்கைப் பார்த்து, வாயைத் திறந்து, பெருமுயற்சியோடு மூடிக்கொண்டான். அவள் வில்லைப் போட்டாள் ஒரு போடு. ஏழு மாதத்தில் அப்படி வாசித்ததில்லை. அந்தத் துண்டை வெட்டி நல்ல பதிவில் ஒட்டி, ஆறு மணிக்கு கேப்டனுக்கு அனுப்பினாள். "அப்பாடா"வை எடுக்க மனம் வரவில்லை.

ஏழு மணிக்குப் பதில் வந்தது. "இதேதான்க்கா. யாரு அந்த ஆள்?"

சனிக்கிழமை அண்ணன் தானாகவே வந்தான். இஸ்திரி போட்ட சட்டையோடு அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். ஏழாவது நிமிடத்தில் செல்லோ நின்றது, அறுநூறு பேர் தலைக்கு மேல் நாற்காலி கிறீச்சிட்டது, பதினொரு உடல்களும் எலும்பு கழன்றதுபோல் தரையில் விழுந்தன. அண்ணனின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. இருட்டில் ஒலிபெருக்கியிலிருந்து அவனுடைய "அப்பாடா" கேட்டது. யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். பிறகு செல்லோ வந்தது. அவன் அசையாமல் கடைசிவரை கேட்டான். அவன் கேட்கிறான் என்பதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. தன் இசையை அவள் சரியாகக் கேட்கவே இல்லை.

வெளியே வந்தபோது கூட்டத்தில் அவனைத் தொலைத்துவிட்டாள். தேடிப் பார்த்தால் அவன் படிக்கட்டுப் பக்கம் முன்பின் தெரியாத இரண்டு பேரை மடக்கி வைத்திருந்தான்.

"ஏழாவது நிமிஷத்துல க்ரீச்னு ஒண்ணு வந்துச்சே, கவனிச்சீங்களா? அது நான்தான்."

"ஓ! அப்ப மத்ததெல்லாம்?" என்றார் அதில் ஒருவர்.

"மத்ததெல்லாம் என் தங்கச்சி," என்றான் அண்ணன். "பதினாலு வருஷமா பண்ணிட்டிருக்கா."

எத்தனை வருடம் என்று அவள் அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.