சொளகும் காற்றுத் திருகும்

அடுத்த வீட்டு மலர்க்கொடி புது ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாள். பேட்டரி வண்டி. நேற்று வாசலில் கோலத்துக்குக் குனிந்திருந்தேன். "ஆச்சி, கொஞ்சம் ஒத்துங்க" என்று முதுகுக்குப் பின்னால் குரல் வந்த பிறகுதான் வண்டி வந்ததே தெரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டி என்றால் தெருமுனையிலேயே தன் உடம்பு எப்படி இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு வரவேண்டாமா? சிரிக்காதீர்கள். கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்த முதல் வருஷமே மோட்டார் சைக்கிள் இஞ்சின் ட்யூன் பண்ணப் பழகியவள் நான். ஓட்டத் தெரியாது, அது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். இடைசெவலுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோது கேட்டதற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டினார். அடக்கமான மாப்பிள்ளை என்று அப்பா மயங்கிவிட்டார். கல்யாணமான மூன்றாம் நாள், "பால் பொங்குது, எறக்குங்க" என்று நான் கொல்லையிலிருந்து கத்துகிறேன். அடுப்புக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றவர் அசையவில்லை. பீரங்கிச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டிருந்தது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மற்றபடி யார் கூப்பிட்டும் திரும்பாததால் கர்வம் பிடித்த மிலிட்டரி என்று ஊரில் பெயர். அந்தப் பெயரே அவருக்கு வசதியாகவும் இருந்தது. காது கேளாதவரிடம் எவர் வண்டியை விடுவார்?

வீட்டுக்குப் பக்கத்து மனையில் போட்டிருந்த தகரக் கொட்டகைதான் ஒர்க்‌ஷாப். பெட்ரோலும் கரிசல் புழுதியும் கலந்த அந்த வாசனை என் சேலையிலெல்லாம் இருக்கும். கார்புரேட்டருக்குள் புழுதி மாவாகப் படிந்திருக்கும். பிரித்துக் கழுவி மாட்டிவிடுவார். பிளக், பாயின்ட், செயின் எல்லாம் அவர் விரலுக்கே தெரியும். என்ன விரல்கள் அவை! இஞ்சினுக்குள் போகிற காற்றைக் கூட்டிக் குறைக்கும் காற்றுத் திருகின் கடைசி அரைச்சுற்றுக்கு மட்டும் காது வேண்டும். ஒருநாள் என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்.

"ஒரு பக்கம் திருகுனா செருமும். மறுபக்கம் திருகுனா தும்மும். ரெண்டுக்கும் நடுவுல சொகமா மூச்சு விடும். அந்த எடத்த மட்டும் எனக்குச் சொல்லு."

முதலில் எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். வேகமாகக் கத்துவதுதான் நல்ல சத்தம் என்று நினைத்துச் சரி என்றேன். அந்த வண்டியில் கடம்பூருக்குப் போன வாத்தியார் அதைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார். அப்புறம்தான் காது படிந்தது.

ஆம்பிளைகள் கூடியிருக்கும் இடத்தில் நான் போய் நிற்க முடியுமா? வாசலில் உட்கார்ந்து சொளகில் கம்பு புடைப்பேன். அதுதான் அவருக்குச் சைகை. சொளகு வலம் சாய்ந்தால் அவர் வலப்பக்கம் திருக வேண்டும், இடம் சாய்ந்தால் இடப்பக்கம். நின்றுவிட்டால் சரி. ஒரே படிக் கம்பை ஒரு வருஷம் புடைத்தேன். அவ்வளவு சுத்தமான கம்பு கரிசலில் எவர் வீட்டிலும் இருந்திருக்காது.

கருப்பட்டிக் கடை ராவுத்தர் ஒருநாள் நாகலாபுரம் போகிற அவசரத்தில் வந்தார். அவர் காதில் ஒரு விஷயம் விழுந்தால் பஜார் முழுக்கத் தெரிந்துபோகும். இஞ்சின் ஓடுகிறது, இவர் கண் சொளகிலேயே இருக்கிறது.

"என்ன மிலிட்டரி, வண்டியப் பாக்காம வீட்டுக்காரியவே பாத்துக்கிட்டிருக்கீரு?"

இவருக்குக் கேட்டால்தானே. கூட நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். இவரைப் பார்த்துச் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. சொளகை வைத்துவிட்டு எழுந்தேன்.

"அவியளுக்குக் காது கேக்காது, மொதலாளி. எனக்குக் கேக்கும்."

என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம் வெளுத்தது. பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன். ராவுத்தர் இவரையும் சொளகையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பம் நீயே சொல்லு தாயி. எம் வண்டிக்கு என்ன?"

"இன்னும் செருமுது. வலப்பக்கம் கொஞ்சம் போணும்."

இவர் திருகினார். இஞ்சின் சுகமாக மூச்சு விட்டது. ராவுத்தர் வண்டியேறிப் போனார். பஜாருக்கெல்லாம் தெரிந்தது, ஆனால் ஒரு வண்டிகூடக் குறையவில்லை. இவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்திருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டே, "இனிமே சொளகு எதுக்கு? பக்கத்துலயே வந்து நில்லு" என்றார்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மலர்க்கொடியின் வீடு இருக்கிறது. "இதுக்கு ட்யூனிங் எப்படிம்மா பாக்குறது?" என்று கேட்டேன். "அதெல்லாம் இதுக்குக் கெடையாது ஆச்சி" என்று வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்சிலேட்டரைத் திருகிக் காட்டினாள். சக்கரம் சுற்றியது. குனிந்து காதைக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவருக்கு எல்லா வண்டியும் இப்படித்தானே இருந்திருக்கும்? இந்த ஒன்றுமில்லாததற்குள் நின்றுகொண்டுதான், ஊரில் ஓடிய அத்தனை வண்டியையும் அந்த மனுஷர் மூச்சுவிட வைத்திருக்கிறார்.