பதினெட்டு வளைவும் ராத்தாவின் மாப்பிள்ளையும்

பத்து வயதில் எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் எதிரிதான் இருந்தார். அவர் என் ராத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளை.

கண்டிப் பக்கத்து மலையூர் ஆள். கெம்பஸில் ராத்தாவோடு படித்தவர். நிக்காஹ் முடிந்த கையோடு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்முனைக்கு வந்து எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். கல்யாணம் முடித்த பெண் தன் வீட்டை விட்டுப் போகமாட்டாள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். சரி, வழக்கமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காக நான் படுத்த அறையைத் தூக்கிக் கொடுக்க வேண்டுமா? கொடுத்தார்கள். மீன் பொரித்தால் நடுத்துண்டு அவருக்கு. பேப்பர் வந்தால் வாப்பாவே முதலில் அவரிடம்தான் நீட்டினார். இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். காக்கா என்று நான் கூப்பிடும் என் அண்ணனையும் அவர் எடுத்துக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காக்கா ராத்தாவுக்கு இளையவர், எனக்கு நிறைய மூத்தவர். வாப்பாவின் கடையில் நின்றார். கடை மூடியதும் சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போவார். ஊரே அறிந்த விஷயம் அது. காக்காவின் சைக்கிள் என்றால் முன்னால் தங்கச்சி நான்.

அந்த வருடம் காக்காவுக்கும் கூட்டாளிமாருக்கும் ஒரு பைத்தியம் பிடித்தது. கல்முனையிலிருந்து சைக்கிளிலேயே மகியங்கனை போய், பதினெட்டு வளைவு ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கண்டியை நோக்கி இறங்குவது! பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து ஏறுகிற ரோடு அது. பஸ்ஸில் போனாலே பாதிச் சனம் வாந்தி எடுக்கும். எங்கள் ஊரிலோ மேடு என்றால் பாலம், அவ்வளவுதான். அதனால் என்ன? அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் முற்றத்து மாமரத்தடியில் கூட்டம் கூடிவிடும். யார் பம்ப் கொண்டுவருவது, வழியில் எந்தப் பள்ளிவாசலில் படுப்பது, மகாஓயாப் பக்கம் யானை குறுக்கே வந்தால் ஓடுவதா நிற்பதா என்று இருட்டும்வரை சண்டை. முதல் நாள் காக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “நீயும் வாறியா புள்ள?” என்று கேட்டார். “ஓம்” என்றேன். அவருக்கு அது பகிடி. எனக்கு அது ஒப்பந்தம். அன்று முதல் ஒரு கூட்டத்தையும் நான் தவறவிடவில்லை.

ஏறிப் பழக மலை இல்லை. ஆனால் காற்று இருந்தது. வயல் பக்கமிருந்து கச்சான் வீசும் காலம் அது. உடம்பைச் சுடுகிற அந்த மேல்காற்றுக்கு எதிரே மிதித்தால் மலை ஏறுகிற மாதிரித்தான் என்று காக்கா கண்டுபிடித்தார். பின்னேரங்களில் எல்லோரும் கிட்டங்கிப் பாலம் தாண்டிச் சவளக்கடைச் சந்திவரை மூச்சு வாங்க வாங்க மிதிப்பார்கள். நான் என் சின்ன சைக்கிளில் பின்னால். திரும்பி வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் ராத்தாவின் மாப்பிள்ளை, எங்கள் மச்சான், தேத்தண்ணிக் கோப்பையோடு மாமரத்தடிக்கு வந்து நின்றார். வரிசையாகச் சாய்த்துவைத்த சைக்கிள்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

“மச்சான், இதுல பிரேக் கட்டையே இல்லயே,” என்றார் காக்காவிடம்.

“செருப்பு இரிக்கிதானே மச்சான்,” என்றார் காக்கா.

உண்மையும் அதுதான். எங்கள் ஊர்ச் சமதரையில் பிரேக் யாருக்குத் தேவை? காலைத் தேய்த்தால் சைக்கிள் நின்றுவிடும். எப்படி ஏறுவது என்று வாரக்கணக்கில் கத்திய கூட்டத்தில் ஒருவராவது எப்படி இறங்குவது என்று கேட்டிருக்கவில்லை.

“ஏறுறது எப்படியும் ஏறலாம்,” என்றார் மச்சான். “எறங்கக்கொள்ள எத்தின செருப்பு கொண்டு போகப் போற?”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ‘எறங்கக்கொள்ள’ என்ற அவருடைய மலையூர்ப் பேச்சை நான் மூக்கால் இழுத்துச் சொல்லிக் காட்டினேன். யாரும் என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த நாள் எல்லாச் சைக்கிளுக்கும் புதுப் பிரேக் கட்டை. அதற்கடுத்த நாள் மாமரத்து வேரில் காக்காவுக்குப் பக்கத்தில், அதாவது என் இடத்தில், அவர் இருந்தார். எந்த வளைவில் தண்ணீர் கிடைக்கும், எங்கே பனி மூடும், எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்று அவர் விரலால் மண்ணில் கோடு இழுத்தார். காக்கா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் காக்கா சொன்னார்:

“மச்சானும் நம்மளோட வாறார்.”

“அப்ப நான்?”

“நீயா? ஒன்ன மலையில ஆட்டுக்குட்டி எண்டு நெனச்சிக் கட்டிப் போட்டுருவானுகள் புள்ள,” என்றான் ஒரு கூட்டாளி.

நான் எழும்பி நின்றேன். “சவளக்கடைக்கு மச்சானோட ஓடுறன். நான் வெண்டா அவர் நிக்கணும், நான் வருவன்.”

“வெல்லு பாப்பம்,” என்றார் காக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அடுத்த நாள் பின்னேரம் நற்பிட்டிமுனையில் தொடங்கினோம். நீளமான கால்கள் அவருக்கு. முதலில் போய்விட்டார். ஆனால் பாலத்தடிக்கு வந்ததும் கச்சான் முகத்தில் அறைந்தது. மலையில் பழகின பழக்கம்தானே, அவர் சீட்டைவிட்டு எழும்பி நின்று மிதித்தார். சேர்ட்டு பாய்மரம்போல் ஊதியது. காற்று அவரைப் பிடித்து நிறுத்தியே விட்டது. நான் தாடையை ஹாண்டிலில் ஒட்டிக் குனிந்து, அவருக்குப் பக்கத்தால் புகுந்து, திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன். சந்தியில் நான் சைக்கிளைச் சாய்த்துவைத்துத் தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார்.

“இது என்ன காத்து? எங்கட மலைக்கும் இப்புடிக் கோவம் இல்ல,” என்றார். சிரித்தார். பிறகு வயலுக்கு அப்பால் மேற்கே பார்த்தார். வானம் தெளிவாக இருந்தால் அங்கே மலைகள் மெல்லிய நீலமாகத் தெரியும். பார்த்துக்கொண்டே நின்றார். என் முகத்தைப் பார்க்க வெட்கம், தோற்றுவிட்டார் அல்லவா என்று நினைத்துக்கொண்டேன்.

“சரி மச்சி. பேச்சு பேச்சுதான். நீங்க போங்க, நான் நிக்கிற.”

நான் கையைத் தட்டிக் குதித்தேன். பின்னால் வந்து சேர்ந்த காக்காவிடம் கத்தினேன். காக்கா என்னைப் பார்க்கவில்லை, மச்சானைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். அவர் கண் அப்படிச் சிவந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

“ஒனக்கு வெளங்காது. சைக்கிள எடு. வூட்ட போ!”

“வெண்டது நான்!”

“போ எண்டன்!”

அழுதுகொண்டே திரும்பினேன். காற்று தள்ளியது. மிதிக்கத் தேவையே இல்லாததால் அழுகையை மட்டும் முழுமனதோடு செய்ய முடிந்தது.

பந்தயத்தைக் காக்கா கணக்கில் எடுக்கவே இல்லை; மச்சான்தான் போகிறார் என்று ஆனது. அவர்கள் புறப்பட்ட அன்று விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாப்பா கேற்றடியில் நின்று போகிற ஒவ்வொருவரையும் மறித்து, “பொடியன்மார் சைக்கிள் ஓட்டம் போறானுகள். மருமகனும் போறார், வெளயாட்டுக்கு,” என்று தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகனை நினைத்து இவ்வளவு பெருமையா என்று எனக்கு வயிறு எரிந்தது. ராத்தா மச்சானின் கரியரில் ஒரு பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருந்தா. கருவாட்டு வாசம் வந்தது. “அது ஆருக்கு?” என்று கேட்டேன். ராத்தா முடிச்சை அவிழ்த்து, திரும்பவும் இறுக்கிக் கட்டினா. காக்கா என் தலையில் கைவைக்க வந்தார். நான் விலகி நின்றேன்.

கூட்டாளிமார் ஒரு மரக்கறி லொறியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு முதலில் திரும்பினார்கள். காக்காவும் மச்சானும் சில நாள் பிந்தித்தான் வந்தார்கள். காக்காவின் போனில் படங்கள். மலை உச்சி, பனி, எல்லோரும் விரல் காட்டிக்கொண்டு நிற்பது. ஒரு படத்தில் மட்டும் மச்சான் ஒரு வீட்டுப் படியில் சின்னப்பிள்ளைபோல் கீழே இருக்கிறார். முக்காடு போட்ட ஒரு பெண் அவர் தலைக்கு எண்ணெய் தேய்க்கிறா. அவருடைய உம்மா. அவர் கண் மூடியிருந்தது.

“பாருங்க, களச்சிப் போனாரு. நான் போயிருந்தா களச்சிருக்க மாட்டன்,” என்றேன். வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் ஏன் சைக்கிளில் போனார் என்பது இன்றைக்கு எனக்குச் சாதாரண கணக்கு. கல்யாணம் முடித்துச் சில மாதமே ஆன மாப்பிள்ளை தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றால், பஸ் அம்பாறை தாண்டுமுன் எங்கள் ஊர் கதை கட்டிவிடும்: பெண் வீட்டில் பிரச்சினை, மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போய்விட்டார். முறையாகப் போவதென்றால் பெரியவர்களோடு, பலகாரத் தட்டுகளோடு, சோடியாகப் போக வேண்டும். அதற்கு ஆயிரம் ஆயத்தம். தனியே போய் உம்மாவின் காலடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வர அவருக்கு ஒரு வழியும் இல்லை. பொடியன்மாரோடு சைக்கிளில் போனால் மட்டும் ஊருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் அது ஒரு ரேஸ்.

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று எனக்கு இன்னும் பிந்தித்தான் புரிந்தது. அந்தக் கச்சான் காலத்திலேயே அட்டாளைச்சேனையில் காக்காவுக்குப் பெண் பேசத் தொடங்கியிருந்தார்கள். நான் தூங்கியபின் பேசியிருப்பார்கள்போல. இப்போது காக்கா அங்கேதான் இருக்கிறார், மனைவியின் வீட்டில், அவர்கள் கொடுத்த அறையில். எங்களிடம் வரும்போது கதிரையில் சாயாமல், அதன் நுனியில் இருக்கிறார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் கேட்டுத்தான் குடிக்கிறார்.

மச்சான் என் காக்காவைப் பறிக்கிறார் என்றுதான் அன்று நான் பாலம் முழுக்க அழுதேன். காக்கா எப்படியும் போகப் போகிறவர் என்று எனக்குத் தெரியாது. போனவர்கள் எப்படித் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதை அந்த வீட்டில் அவர் கூச்சமில்லாமல் கேட்டு அறியக்கூடிய ஒரே ஆள் மச்சான்தான் என்பதும் தெரியாது. மலை ஏறும்போது இருவரும் என்ன கதைத்தார்கள் என்று பிறகு கேட்டேன். “மூச்சு வாங்கினதுதான், வேற என்ன,” என்றார் காக்கா.