கலைவாணியின் களிம்பு

செஞ்சியில் தோல் வைத்தியத்துக்குப் பஞ்சமே கிடையாது. அதற்காக விழுப்புரத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள். திருவண்ணாமலை ரோட்டில் அரங்கநாதனின் டிபன் கடையில் கையை நீட்டினால் போதும், டீ ஆறுவதற்குள் நோயின் பூர்வீகத்தையே சொல்லிவிடுவார்கள். மீனும் மோரும் ஒன்றாகத் தின்றதால் வந்தது என்பார் லாரி டிரைவர். வெள்ளையாக இருக்கிற எதையும் தொடக்கூடாது, பால், தயிர், முட்டை எல்லாம் விஷம் என்பார் ரேஷன் கடைக்காரர். இட்லி? இட்லி பரவாயில்லை. அவர் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கையை நீட்டியவள் அரங்கநாதனின் மனைவி கலைவாணி. வைத்தியம் கேட்டு நீட்டவில்லை, தோசை வைக்க நீட்டினாள். அந்த வலது புறங்கையில் வெண்புள்ளிகள் வந்திருந்தன. கடையின் போர்டில் பெயர் அவனுடையது. கூட்டம் வந்தது அவள் தோசைக்கு.

மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரி பாவாடைதான் முதலில் கேட்டார். "இன்னா அரங்கா, அந்தக் கையாலயா ஊத்துது?" வயிறு நிறையத் தின்றுவிட்டு, ஏப்பத்துக்கு முன்னால் கேட்டார்.

அரங்கநாதன் வீரன். ஒரு வாடிக்கையாளரை இழப்பதைவிட மனைவியைப் பின்கட்டுக்கு அனுப்புவது மேல் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தான். "சரியாவற வரைக்கும் பின்னாடி இரு கலை" என்றான். தோசைக்கல்லுக்கு முன்னால் அவன் தங்கை சுமலதா வந்து நின்றாள். தோசை ஊற்றக்கூடாத அந்தக் கை மாவு ஆட்டலாம், வெங்காயம் நறுக்கலாம், சட்னி அரைக்கலாம், எச்சில் தட்டு கழுவலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நோய் ஒட்டாது என்பது அந்தக் கடையின் விஞ்ஞானம்.

கலைவாணிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தத் தோசைக்கல். அதற்காக விழுப்புரம் போனாள். "இது தொட்டா ஒட்டாதும்மா. தெனம் ராத்திரி இந்தக் களிம்பைத் தடவு, காலையில கொஞ்ச நேரம் வெயில்ல காட்டு. மாசக்கணக்காவும், அவசரப்படாத. முகத்துல மட்டும் போட்டுடாத" என்றார் தோல் டாக்டர்.

அவள் டியூபைச் சாமி மாடத்தில் விளக்குக்குப் பின்னால் வைத்தாள். விடாமல் தடவினாள். காலை வெயில் கோட்டைப் பாறையில் ஏறும்போது பின்வாசலில் நின்று கையைக் காட்டினாள். சில மாதம் கழித்து வெள்ளைக்கு நடுவே கடுகு சிதறியதுபோல் கறுப்புப் பொட்டுகள் எட்டிப் பார்த்தன. தட்டு கழுவுகிற தண்ணீரில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு டியூப் வேகவேகமாக இளைத்தது. எலி என்று நினைத்தாள். ஆனால் எலி மூடியைத் திருகி மூடிவைக்காதே!

அதே சமயம் சுமலதாவின் முகம் பளபளத்தது. "இன்னாடி, கலராயிட்ட!" என்று தெருவே கொண்டாடியது. திண்டிவனத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. பெண் பார்க்க வருவதற்குள் முகம் சிவந்தது, பரு கிளம்பியது, அடுப்பு அனல் பட்டதும் எரிந்தது. "ஐயோ" என்று கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பின்னாலேயே போன கலைவாணி, அவள் பவுடர் டப்பாவுக்கு அடியில் தன் களிம்பைக் கண்டாள்.

"இன்னாடி இது?"

"கொஞ்சூண்டுதான் அண்ணி. இத்தத் தடவித்தான உன் கை அவ்ளோ வெள்ளையாச்சு…"

"அடிப்பாவி! தடவி வெள்ளையாவலடி. வெள்ளையானதுக்குத் தடவறேன்!"

மாமியார் அம்மாக்கண்ணு வந்து நியாயம் சொன்னாள். "ஏன்டி, உன் நோவை எம் பொண்ணுக்கு ஒட்ட வெச்சிட்டியே!"

அந்த வீட்டுச் சட்டம் கலைவாணிக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. வெள்ளை, கையில் திட்டாக வந்தால் நோய். முகத்தில் முழுசாக வந்தால் சம்பந்தம். அவள் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஒட்டல அத்த. உம் பொண்ணு திருடித் தடவிக்கிச்சு. அதே டாக்டராண்ட இட்டுனு போ."

மாமியாரும் மகளும் பஸ் ஏறினார்கள். கடை முன்னால் அரங்கநாதன் தானே தோசை ஊற்றினான். அது கல்லோடு குடித்தனம் பண்ணியது. சுரண்டி எடுத்ததை யாரும் வாங்கவில்லை. பின்கட்டுக்கு ஓடிவந்தான், கையில் ஒரு ரப்பர் கிளவுஸ்.

"கலை, இன்னிக்கி மட்டும் வா. இத்த மாட்டிக்கினா யாருக்கும் தெரியாது."

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். நிதானமாக அவன் கையிலேயே மாட்டிவிட்டாள்.

"இந்தாய்யா, தட்டு கழுவ வசதியா இருக்கும். இன்னிக்கி மட்டும் இல்ல."

முன்னால் வந்து கல்லில் தண்ணீர் தெளித்தாள். சுர்ரென்றது. பெஞ்சில் பாவாடை.

"இந்தக் கையாலதான் ஊத்துவேன். இன்னாண்ணே, இருக்கியா, எந்திரிக்கிறியா?"

பாவாடை கையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "மு… முறுவலா ஊத்தும்மா."

முறுகலாகவே ஊற்றினாள். முதல் வாய் போனதும் கேட்டாள்: "இவ்ளோ நாளா நீ துன்ன தோசைக்கு மாவு எந்தக் கை ஆட்டுச்சின்னு நெனச்ச?"

வாய் நின்றது. துப்பினால் மானம் போகும், விழுங்கினால் கொள்கை போகும். பாவாடை விழுங்கினார். "இன்னொண்ணு வை" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் கோபம் தணியவில்லை. வாசலில் வெயில் விழுந்திருந்தது. கரண்டியை வைத்துவிட்டு எல்லார் கண்ணுக்கும் முன்னால் போய் நின்று புறங்கையை வெயிலுக்குக் காட்டினாள்.

தோசை கேட்டவர்கள் காத்திருந்தார்கள்.