ஐவர் என்று ஒருவன்

அந்தச் சனிக்கிழமை மதியம் கீழ்வீட்டு அக்கா போனைப் பார்த்துக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தார். ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு எந்தச் செய்தியும் முதலில் அவர் வாய்வழியாகத்தான் வரும். அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கூடத்தில் எட்டாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"எண்ணூர் பக்கம் ஏதோ கம்பெனில கேஸ் லீக்காம்க்கா" என்று சொல்லிவிட்டு, திரையில் இருந்த வரியை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "விஷவாயு தாக்கி… ஐவர் மயக்கம்."

அம்மா எழுந்துவிட்டாள். கையில் மீன் குடல் ஒட்டியிருந்தது.

"இன்னாது? எம்புள்ளையா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. லேசாக இல்லை, நன்றாகவே சிரித்தேன். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

என் தம்பியின் பெயர் ஐவர். பேச்சில் யாரும் ஐந்து பேரை ஐவர் என்று சொல்வதில்லை, அஞ்சு பேரு என்றுதான் சொல்வோம். ஐவர் என்பது செய்தித்தாளிலும் பாடப்புத்தகத்திலும் வருகிற சொல். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் அம்மாவுக்கு அந்தச் சொல் ஒரே ஒருவனைத்தான் குறிக்கும்.

அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குக் கப்பலில் வந்தது. அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலை பார்த்தவர். தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, ஒரு வெளிநாட்டுக் கப்பலின் அடித்தளத்தில் இரும்புக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்த கம்பிவடம் அறுந்தது. கீழே நின்ற அப்பாவின் சட்டையைப் பிடித்து ஒரு மாலுமி இழுத்திருக்கிறான். கட்டு விழுந்ததில் அவன் கால் நசுங்கிவிட்டது. மற்ற மாலுமிகள் "ஐவர், ஐவர்" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து அவனைத் தூக்கிப்போனார்கள். மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அப்பா போய் நின்றபோது கப்பல் கிளம்பியிருந்தது. அவர் கையில் மிஞ்சியது அந்தப் பெயர் மட்டும்தான்.

கோயிலில் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தபோது பங்குச்சாமியார் பேனாவை மூடி வைத்துவிட்டாராம்.

"இது எந்தப் புனிதர் பேருப்பா?"

"சாமி, எனக்குத் தெரிஞ்ச புனிதர் அந்த ஒர்த்தருதான்" என்று அப்பா சொன்னாராம்.

சாமியார் இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டி, அதையொட்டிய பெயரில் பழைய காலத்து ஆயர் ஒருவரைக் கண்டுபிடித்த பிறகுதான் பதிவேட்டில் எழுதினார். பள்ளிக்கூடத்தில் தம்பியைப் பார்த்து "மத்த நாலு பேரு எங்கடா?" என்று கேட்காத பையன் இல்லை. ஒரு வாத்தியார் பாண்டவரை நினைத்து வைத்த பெயர் என்று நம்பிக்கொண்டிருந்தார். வாக்காளர் அட்டையில் 'ஐயர்' என்று அச்சாகி வந்தது. காசிமேட்டிலிருந்து காட்டுப்பள்ளி வரைக்கும் இந்தப் பெயரில் இன்னொருவர் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. வடகடல் நாட்டுக்காரர்களின் பழைய மொழியில் வில்லேந்தியவன் என்று பொருளாம். பிரிட்டனில் ஒரு காலத்தில் ஆசையாக வைத்திருக்கிறார்கள், இப்போது அங்கேயும் கிழவர்களின் பெயராகிவிட்டது. இதையெல்லாம் போனில் தேடிப் படித்து, அப்பா சாவதற்கு முந்தின வருஷம் அவரிடம் சொன்னேன். "அவங்கையில வில்லெல்லாம் ஒண்ணும் இல்லியே" என்றார்.

அந்த மதியம் நான் அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன்.

"மா, அது அஞ்சு பேரும்மா. ஒருவர், இருவர், மூவர், நால்வர், ஐவர். உம்புள்ள இல்ல."

"அஞ்சு பேருன்னா அஞ்சு பேருன்னு போடமாட்டானா? எம்புள்ள பேர ஏன் போடறான்?"

"பேப்பர்ல அப்படித்தான் எழுதுவாங்க."

"போன் போடு."

தம்பி எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் காண்டிராக்ட் ஃபிட்டர். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அடித்துக்கொண்டே இருந்தது. காண்டிராக்டரின் எண் எப்போதும் பிஸி. அங்கே எத்தனையோ கம்பெனி இருக்கிறது, எதற்கு இப்படிப் பதறுகிறாய் என்று அம்மாவிடம் கோபப்பட்டேன். அவள் கையைக் கழுவிவிட்டுப் புடவை மாற்றினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ வர்றியா, நான் போவட்டுமா?"

"எங்கம்மா போவ? எந்த கம்பெனின்னே தெரியாம?"

இப்படியே இருபது நிமிடம் போயிருக்கும். அப்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே ஒருவன் பேசினான்.

"ஐவரோட அக்காவா? நான் கூட வேல செய்யறவன். அவன ஆஸ்பத்திரிக்கு ஏத்தியாச்சு. சீக்கிரம் வாங்க."

திருவொற்றியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னான். நான் போனை வைப்பதற்குள் அம்மா படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"பேஜாராப் பூட்ச்சு. திருவொற்றியூர் வரைக்கும் நிக்குதும்மா."

"எம்புள்ள ஆஸ்பத்திரில கீறான் நைனா" என்றாள் அம்மா.

அவர் வண்டியை ஒடித்துச் சந்துகளுக்குள் விட்டார். மீன் கூடைகளையும் தண்ணீர்க் குடங்களையும் உரசிக்கொண்டு போனோம். அம்மா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தாள். அவள் மணிக்கட்டில் ஒரு நெத்திலித் தலை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எடுத்துவிட எனக்குக் கை எழவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் ஜீப்பும் இரண்டு கேமராக்காரர்களும் நின்றார்கள். உள்ளே மேசையில் ஒரு பெண் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரப் பாக்கணும்?"

"ஐவர்" என்றேன்.

"அஞ்சு பேரும் ஐசியுல இருக்காங்க. உங்க ஆளு யாரு?"

"ஐவர்தாங்க."

"மேடம், அஞ்சு பேர்னு எனக்குத் தெரியும். உங்க ஆளு பேரச் சொல்லுங்க."

அவள் கையிலிருந்த தாளை நான் தலைகீழாகவே படித்தேன். மேலே தலைப்புபோல 'ஐவர்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. அதன்கீழ் நான்கு பெயர்கள். ஐந்தாவதாக 'பெயர் தெரியவில்லை'. கம்பெனிக்காரர் போனில் சொன்ன முதல் பெயரை யாரோ எண்ணிக்கை என்று எழுதியிருக்கிறார்கள்.

"அது தலைப்பு இல்லம்மா. அதான் என் தம்பி. பேர் தெரியாதவன் அவன்தான்" என்று கத்தினேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சத்தம் கேட்டு ஒரு இளம் டாக்டர் வந்தார். தம்பியின் சட்டை நிறத்தை அம்மா சொன்னதும் அவர் முகம் மாறியது.

"அவருக்கு மூச்சுத் தொந்தரவு ஏதாவது இருந்துச்சா? யாருக்குமே தெரியலன்னாங்க."

"சின்னதுலேருந்து வீசிங் கீது சாமி" என்றாள் அம்மா. "பென்சிலின் ஊசி ஒத்துக்காது. ஒருவாட்டி போட்டு ஒடம்பு ஊதிப்பூட்ச்சு."

டாக்டர் அதைச் சிவப்பு மையில் எழுதிக்கொண்டு ஓடினார். கதவு மூடியது. ஐசியு வாசலில் இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். என்னைக் கூப்பிட்ட தம்பியின் நண்பன் வந்து நடந்ததைச் சொன்னான். கழிவுத் தொட்டிக்குள் அடைப்பெடுக்க இறங்கிய ஒடிசாக்காரப் பையன் சுருண்டு விழுந்திருக்கிறான். அவனைத் தூக்க ஒருவர் இறங்கினார், அவரைத் தூக்க இன்னொருவர். நான்காவதாக இறங்கியவன் என் தம்பி. முகமூடி யாருக்கும் இல்லை.

அன்று சாயங்காலம் வரைக்கும் கதவு திறக்கும்போதெல்லாம் அம்மா எழுந்து நின்றாள். ஆறு மணிவாக்கில் கண் விழித்துவிட்டான் என்று நர்ஸ் வந்து சொன்னார். ஒருவரை மட்டும் விட்டார்கள், அம்மா போனாள். திரும்பி வந்து, "அந்த ஒடிசா புள்ள எப்டி கீறான்னு கேக்கறான்" என்றாள். அந்தப் பையனின் சொந்தக்காரர் என்று அந்த வராந்தாவில் ஒருவர்கூட இல்லை.

திங்கட்கிழமை அந்தப் பையன் இறந்துபோனான். 'சிகிச்சை பெற்றுவந்த ஐவரில் ஒருவர் பலி' என்று செய்தி வந்தது. எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டே போன் செய்தார்கள். "நம்ம ஐவர் நல்லா இருக்கான்" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. உடனே, வராந்தாவில் ஆளில்லாமல் போன அந்தப் பையன் நினைவுக்கு வந்தான்.

உடலை வாங்க அந்தப் பையனின் மாமா ரயிலேறி வந்தார். அம்மா அவரைச் சாப்பிட வைத்தாள். வார்டுக் கட்டிலில் இருந்தபடியே தம்பி அவரிடம் தன் அரைகுறை இந்தியில் பேசினான். பையனின் பெயருக்கு அர்த்தம் என்ன என்று அம்மா கேட்கச் சொன்னாள். வெகுநாள் மழையில்லாமல் கிடந்து, மழை பெய்த அன்று பிறந்தவன் என்பதால் வைத்தோம் என்றார் அவர். அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அவர்களிடம் கேட்காமல் எழுத எனக்கு உரிமை இல்லை.

தம்பி வீட்டுக்கு வந்த நான்காம் நாள் காண்டிராக்டர் பழக்கூடையோடு வந்தார்.

"விசாரணைக்குக் கூப்புடுவாங்க தம்பி. மாஸ்க் குடுத்தாங்க, அந்தப் பையன் போடாம அவனா எறங்கிட்டான்னு சொல்லிடு. உன்ன பர்மனென்ட் பண்றது எம்பொறுப்பு."

அவர் போன பிறகு நான்தான் வாயைத் திறந்தேன்.

"சொல்லிடேன்டா. போனவன் திரும்பியா வரப்போறான்?"

அம்மா என்னைப் பார்த்தாள். பழக்கூடையை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

விசாரணைக்குத் தம்பியோடு நானும் போனேன். காண்டிராக்டரும் அந்த அறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முகமூடி தந்தார்களா என்று அதிகாரி கேட்டபோது தம்பிக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தோம். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"குடுக்கல சார்" என்றான். "அந்தப் பையன் மாட்டேன்னுதான் சொன்னான். எறங்குலன்னா நாளைக்கு வராதன்னாங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டேன்."

காண்டிராக்டர் எழுந்து வெளியே போய்விட்டார். எழுதியதைப் படித்துக் காட்டியதும் தம்பி தன் பெயரை நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.

அந்த வேலை போயிற்று. எண்ணூரில் வேறெந்தக் காண்டிராக்டரும் அவனை எடுக்கவில்லை. மூன்று மாதம் வீட்டில் இருந்தான். பிறகு திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான். பனிக்காலத்தில் இருமல் அதிகமாகிறது. அன்று சிரித்ததற்கும் பிறகு தம்பியைப் பொய் சொல்லச் சொன்னதற்கும் சேர்த்து ஒருநாள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, சோறு துண்ணு" என்றாள்.

அந்தப் பையன் இறந்ததற்கான வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வாய்தா அன்று தம்பி பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுப் போகிறான். அம்மாவும் கூடப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.