நுரை வந்த டப்பா

பாட்டில் கழுவும் கொட்டகையில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். வீட்டில் பெரியவள். சின்னவள் என்று ஒருத்தி வந்து சேருவதற்கு முன்பே மாமியார் அவளைப் பெரியவள் என்றுதான் கூப்பிட்டார். இரண்டாவது மகனுக்கும் பெண் கிடைத்தே தீரும் என்று அந்த அம்மாவுக்கு அத்தனை நம்பிக்கை. கிடைத்தது. அதைப் பார்க்கத்தான் அந்த அம்மா இல்லை.

எக்ஸ்ரே என்ற பெயர் சும்மா வரவில்லை. பழைய பாட்டில்கள் சாக்கு சாக்காக வந்து இறங்கும். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, பிரஷ் விட்டுக் குடைந்து, நல்ல தண்ணீரில் அலசி, கடைசியில் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். முடி மாதிரி ஒரு விரிசல், அடியில் காய்ந்த ஒரு கறை, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மற்றவர்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை அவள் ஒரு தூக்கில் பார்த்துவிட்டு, "இது ஆகாது" என்று ஓரமாக வைத்துவிடுவாள். வாழ்க்கையில் அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்காமல் வந்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான். பிற்பாடு அவளைக் கவிழ்த்ததும் அதுதான்.

கல்யாணமாகி வருடக்கணக்காக வீட்டில் தொட்டில் ஆடவில்லை. இரண்டு தடவை வயிற்றில் தங்கி, இரண்டு தடவையும் நிற்காமல் போனது. மூன்றாவது தங்கியபோது சந்தோஷப்படக்கூட அவளுக்குப் பயம். அதே சமயத்தில் சின்னவளும் முழுகாமல் இருந்தாள். அவளுக்கு அது முதல். ஓரகத்திகள் என்றால் முறைத்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு பேரையும் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் குடும்பத்துக்கும் தம்பி குடும்பத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதுவும் தோள் உயரம்தான். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்மல் வரும். குழம்புக் கிண்ணம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பலகையைத் தாண்டும் என்று அந்தக் கிண்ணத்துக்கே தெரியாது.

அந்த வருடம்தான் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கர்ப்பிணிகள் தினமும் சத்து மாவு கரைத்துக் குடித்தால் குழந்தை எடை கூடிப் பிறக்குமா என்று பார்க்கப் போகிறார்களாம். ஒரு நர்ஸ் வீடு வீடாக வந்து விளக்கினாள். பாதிப் பேருக்குச் சத்து சேர்த்த மாவு, பாதிப் பேருக்கு வெறும் மாவு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மூடியில் மட்டும் ஒன்றில் வட்டம், இன்னொன்றில் முக்கோணம்.

"எது சத்து, எது வெறும் மாவு?" என்று கேட்டாள் பெரியவள்.

"எனக்கே தெரியாதுக்கா. மாடியில இருக்கிற டாக்டரம்மாவுக்கும் தெரியாது. தெரிஞ்சா ஒருத்தரை ஒரு மாதிரியும் இன்னொருத்தரை வேற மாதிரியும் கவனிச்சிருவோம்ல. அதனால அந்தக் கணக்கை வேற ஊர்ல பூட்டி வச்சிருக்காங்க."

"நல்லா இருக்கே. சமைச்சவளுக்கே உப்புப் போட்டாளான்னு தெரியாம பரிமாறுற கதைதான்."

நர்ஸ் சிரித்துவிட்டு, "ஆனா ஒரு வீட்டுல ஒருத்தரைத்தான் சேர்ப்போம். பக்கத்துல பக்கத்துல இருந்தா மாவு கலந்துரும்" என்றாள்.

"இது ரெண்டு வீடும்மா. நடுவுல பலகை இருக்கு பாரு. அடுப்பு வேற, வாசல் வேற."

"அக்கா சொல்றது சரிதான்" என்று பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்னவளின் குரல் வந்தது. "நாங்க பேசிக்கறதே கிடையாது."

இரண்டு வீடு என்றே எழுதிக்கொண்டாள் நர்ஸ். சின்னவளுக்கு வட்டம் வந்தது. பெரியவளுக்கு முக்கோணம்.

காலையில் இரண்டு பேரும் பலகையின் இரண்டு பக்கமும் நின்று கரைப்பார்கள். அங்கேதான் பெரியவளின் கண் வேலை செய்தது. கண்ணாடி டம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கினாள். சின்னவளுடையது மேலே வெள்ளையாக நுரை கட்டி, கீழ்வரைக்கும் ஒரே சீராக நின்றது. தன்னுடையது நுரைக்கவே இல்லை, அடியில் செம்மண் மாதிரி ஏதோ தங்கியது. கொட்டகையாக இருந்தால் ஓரமாக எடுத்து வைத்திருப்பாள். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

சில நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அப்புறம் முடியவில்லை.

"உன்னுதுதான்டி சத்து."

"எப்படிக்கா சொல்றீங்க? எனக்கு ரெண்டும் மாவாத்தான் தெரியுது."

"உனக்கு என்ன தெரியும். நாள் பூரா இதைத்தானே பார்க்கிறேன்." கொஞ்ச நேரம் பலகையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். "உனக்கு வயசு இருக்கு. எனக்கு இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான். மாத்திக்கலாமா?"

சின்னவள் யோசிக்கவில்லை. "இதைப் போய்க் கேட்கணுமா? எடுத்துக்கோங்க" என்று தன் டப்பாவைப் பலகைமேல் வைத்தாள்.

அன்றிலிருந்து வட்டம் பெரியவளுக்கு, முக்கோணம் சின்னவளுக்கு. தெருவில் நர்ஸின் செருப்புச் சத்தம் கேட்டால் டப்பாக்கள் பலகையைத் தாண்டித் தன் தன் இடத்துக்குப் போய்விடும். அவள் மூடியைத் திறந்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனதும் மறுபடி தாண்டும். இதை ஒரு விளையாட்டு மாதிரி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஆணியை நக்கின மாதிரி இருக்குக்கா இது" என்பாள் சின்னவள். சில நாள் குமட்டிக்கொண்டு ஓடுவாள்.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடி" என்பாள் பெரியவள்.

குடித்தாள், பாவம். ஒரு நாள்கூட விடாமல் குடித்தாள்.

பெரியவளுக்குப் பெண் பிறந்தது. கொழுகொழுவென்று, பிறந்ததும் ஊரைக் கூட்டும் அழுகையோடு. அடுத்த மாதமே, நாள் இன்னும் இருக்கும்போதே, சின்னவளுக்கு வலி வந்துவிட்டது. ஆண் குழந்தை. அழவில்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. கொழுந்தன் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன், கையில் காய்ந்த பெயிண்டோடு அதைத் துணி மூட்டை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தான்.

சின்னவள் அழுததாகத் தெரியவில்லை. பெரியவள் பாலைச் சூடாக்கிப் பலகைக்கு மேலே நீட்டிய ஒரு நாள், அவள் அந்த டம்ளரையே பார்த்தாள். பாலின் மேலே நுரை நின்றது.

"உங்களுது நல்லா நுரைச்சுது இல்ல?" என்றாள்.

அடுத்த வாரம் பலகையைப் பிடுங்கிவிட்டு, கூரைவரைக்கும் ஒற்றைச் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பிவிட்டான் கொழுந்தன். தன் பக்கம் பூசி, வெள்ளையடித்தான். பெரியவள் பக்கம் பூசவில்லை. செங்கல்லுக்கு நடுவே பிதுங்கிய சிமெண்ட் அப்படியே இறுகிக் கிடந்தது.

"மாவு குடிச்சு யாரும் சாகலை. மனசுல போட்டு உருட்டாத" என்று புருஷன் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். அக்கம்பக்கத்திலும் அதையே சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் நியாயம் வேறு, அதில் தப்பும் கிடையாது. எது நல்லது என்று நினைத்தாளோ அதைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். எது வெறும் மாவு என்று நினைத்தாளோ அதை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, மூக்கைப் பிடித்துக் குடி என்றாள். டப்பாவுக்குள் என்ன இருந்தது என்பது அப்புறம். கை நீட்டி வாங்கியது வாங்கியதுதானே.

மூன்று வருடம் அப்படியே ஓடியது. கொட்டகையில் அவளுக்கு அந்தப் பெயர் போய்விட்டது. நல்ல பாட்டிலையும் "ஆகாது" என்று ஒதுக்க ஆரம்பித்தாள். மேஸ்திரி இரண்டு தடவை சத்தம் போட்டுவிட்டு, அவளைச் சாக்கு தைக்கும் பக்கம் மாற்றிவிட்டார். பெண் வளர்ந்தது. அதன் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சும்போதே அவள் குரல் பாதியில் தணிந்துவிடும், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்குமே என்று. சின்னவளைப் பார்த்ததெல்லாம் முதுகைத்தான். குழாயடிக்கு இவள் போனால் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவாள்.

அப்போதுதான் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாகத் தகவல் வந்தது. சத்து மாவு குடித்தவர்களின் குழந்தைகள் கொஞ்சம் எடை கூடித்தான் பிறந்தனவாம். யாருக்கு எது கொடுத்தோம் என்பதை இனிமேல் சொல்லலாம், மாடிக்கு வந்து கேட்கிறவர்களுக்கு மட்டும் சொல்வோம் என்று நர்ஸ் தெருமுனையில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெரியவள் போனாள். டாக்டரம்மா அவள் பெயரைத் தேட ஆரம்பிக்கும் முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "எவ்வளவு நாள் மாத்திக் குடிச்சீங்க?"

"கடைசி வரைக்கும்."

"நர்ஸ் வந்து பார்த்தாங்களே?"

"அவங்க செருப்புச் சத்தம் கேட்டதும் மாத்தி வச்சிருவோம்."

மூலையில் நின்ற நர்ஸ் தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"அப்போ எங்க ரெண்டு பேரையும் கணக்குலேருந்து எடுத்துருவீங்களா?"

"எடுக்க முடியாதும்மா. நாங்க யாருக்குக் கொடுத்தோமோ அவங்க பேர்லதான் எண்ணுவோம். இப்படி நடந்துச்சுன்னு ஒரு வரி எழுதுவேன், அவ்வளவுதான்." டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலைப் பார்த்தாள். "வட்டம் போட்ட டப்பாதான் வெறும் மாவு."

பெரியவளுக்குப் புரியவில்லை. "நுரை வந்ததா?"

"ஆமா. வெறும் மாவுதான் அப்படி நுரைக்கும். சத்து மாவுல இரும்பு இருந்துச்சு, அது நுரையை அமுக்கிரும். ஆணி வாசனையும் அதனாலதான்."

"அப்போ அவ குடிச்சது?"

"சத்து மாவு."

"நான்?"

"வெறும் மாவு. ஒரு குறையும் இல்லாம பெத்துருக்கீங்க."

"பின்ன அந்தப் புள்ள ஏன் போச்சு?"

"தெரியலைம்மா. சத்து குடிச்சவங்களுக்கும் சில குழந்தைங்க தங்கலை. அவங்க உடம்புல வேற ஏதாவது இருந்திருக்கும். நாங்க அதையெல்லாம் பார்க்கலை. நாங்க கேட்ட கேள்வி மாவு மட்டும்தான்." பிறகு மெதுவாக, "நீங்க எடுத்துக்கிட்டதால அவங்களுக்கு ஒண்ணும் குறையலை. போய்ச் சொல்லுங்க" என்றாள்.

மாடிப்படி இறங்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அடியே, நான் கெட்ட எண்ணத்தோடதான் வாங்கினேன், ஆனா உனக்குக் கெடுதல் நடக்கலைடி, நல்லது உன்கிட்டதான் வந்துச்சு. தன் வாசலைத் தாண்டி, மூன்று வருடமாக மிதிக்காத வாசலில் ஏறிக் கதவைத் தட்டினாள்.

சின்னவள் திறந்தாள். ஒரு கை கதவில், ஒரு கை இடுப்பில். வயிறு மேடிட்டிருந்தது. முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது தெரியாமலே போயிருந்தது.

"மாடிக்குப் போயிட்டு வரீங்களா?" என்றாள் சின்னவள். அக்கா என்ற சொல் அதில் இல்லை.

"ஆமா. நீயும் வந்திருக்கலாம்."

"அந்த வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்லப் போறாங்க." வயிற்றைத் தடவிக்கொண்டாள். "இது தங்கினதும் அவர் நடுங்கிட்டாரு. மறுபடியும் அப்படி ஆயிருமோன்னு. நான்தான் சொன்னேன், என் உடம்புல ஒரு கோளாறும் இல்லை, என் பங்கை இன்னொருத்தர் குடிச்சாங்க, அதனால போச்சு, இந்தத் தடவை யார் குடிக்கப் போறான்னு. தினம் படுக்கும்போது அதைத்தான் சொல்லிக்கறேன். சொன்னாத்தான் தூக்கம் வருது."

பெரியவள் அந்த வயிற்றையே பார்த்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் சின்னவள். கேட்ட குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

"நீ நினைச்சதுதான்" என்றாள் பெரியவள். "நுரை வந்ததுதான் சத்து."

சின்னவள் கண்ணை மூடினாள். அவள் தோள் மெல்ல இறங்கியது. "தெரியும்" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாம் பார்த்துக்க. எந்த டெஸ்ட்டும் விடாத."

"போயிட்டுத்தான் இருக்கேன். அதை நீங்க சொல்ல வேண்டாம்." கதவைப் பாதி சாத்திவிட்டு நின்றாள். "இது பிறந்தா பார்க்க வராதீங்க. உங்க பொண்ணு ஆசைப்பட்டா வரட்டும். நீங்க வர வேண்டாம்."

"வரலை."

கதவு சாத்திக்கொண்டது.

வீட்டில் புருஷன் பெண்ணுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். "என்னடி ஆச்சு? மாவால இல்லைன்னு சொல்லிட்டாங்களா, இல்லையா?"

சுவர் ஒற்றைச் செங்கல்தான். சாதாரணமாகப் பேசினாலே அந்தப் பக்கம் கேட்கும். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நான் குடிச்சதுதான் சத்தாம். அவளுக்குக் கொடுத்ததுதான் வெறும் மாவாம்."

அவன் கையில் உருட்டிய சோறு அப்படியே நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தான், பிறகு பார்வையை எடுத்துக்கொண்டான். கையைக் கழுவி, பெண்ணைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான். அவள் அவன் விட்டுப்போன தட்டை எடுத்து, மீதிச் சோற்றை மூடி வைத்தாள்.