வேதியியல் ஆசிரியருக்கு ஒரு வாய்ப்பூட்டு

மற்ற வக்கீல்கள் கட்சிக்காரரைப் பேச வைத்துப் பிழைக்கிறார்கள். வேதியியல் காப்புரிமை பார்க்கும் நான் அவர் வாயை மூட வைத்துப் பிழைக்கிறேன். விண்ணப்பம் போடும் முன் கண்டுபிடிப்பு ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது புதிது இல்லை, காப்புரிமையும் கிடையாது. வீட்டில் வாய் ஓயாத ஒருவரை வைத்திருக்கும் வாசகர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

முதல் நாள்

சாந்தோம் அருளானந்தம் சார் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மீன் பெட்டிகளில் ஊறிப்போன நாற்றத்தை அடியோடு எடுக்கும் திரவம் ஒன்றை மொட்டை மாடியில் கலந்து கண்டுபிடித்துவிட்டு, மயிலாப்பூரில் என் அலுவலகத்துக்கு வந்தார். நல்ல சரக்குதான். ஆனால் அளவுகள் இன்னும் முடிவாகவில்லை. அவை முடிவாகி விண்ணப்பம் போடும் வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்றேன். மனைவியிடம் ரகசியமாகச் சொல்லலாம், சட்டம் தடுக்காது; சார் அதைக் கேட்கவில்லை, நானும் தனியாகச் சொல்லவில்லை. மனிதர் முகம் வாடிப்போய்விட்டது.

"வகுப்புல வாழ்நாள் பூரா பேசினேன், ஒருத்தன் கேக்கல. கேக்கற மாதிரி விஷயம் இப்பதான் கைல வந்திருக்கு, பேசாதேங்கிறீங்களே மேடம்."

மேசைக்கடியில்

நாற்றம் போயிற்றா என்று பார்க்கும் சோதனைக்கு மூக்குதான் கருவி. கழுவிய பெட்டி ஒன்றையும் கழுவாத பெட்டி ஒன்றையும் சார் என் மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போனார். மதியத்துக்குள் மாடியில் இருக்கும் வீட்டுக்கார மாமி இறங்கி வந்துவிட்டார். இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். கட்சிக்காரர் ரகசியம் மாமி, சொல்லக்கூடாது என்றேன். மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மீன் வாசனை எங்காத்து பூஜை ரூம் வரைக்கும் வந்துண்டிருக்கு. இதுல என்னம்மா ரகசியம்?"

பட்டினப்பாக்கம்

ஒருநாள் சார் போனில் தயங்கித் தயங்கி ஒரு சேதி சொன்னார். பட்டினப்பாக்கத்தில் வழக்கமாக மீன் வாங்கும் கஸ்தூரியிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்துவிட்டாராம். நாலு பேர் பார்க்க அந்தம்மா பெட்டி கழுவியிருந்தால் சாரின் உழைப்பெல்லாம் போச்சு. இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

கஸ்தூரி மீன் பலகைக்கடியில் கையை விட்டு பாட்டிலை எடுத்தார். மூடியைச் சுற்றி ஒட்டிய டேப் கூடப் பிரியவில்லை. போன உயிர் வந்தது. அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"வாத்தியாரு எப்பவும் பேசிக்கினே இருப்பாரு. இத்த குட்த்துட்டு ஒண்ணியும் சொல்லாம பூட்டாரு. பேசாத மன்சன் குட்த்தத எப்டிமா தொறக்கறது?"

பிலோமினா டீச்சர்

அடுத்த வாரம் சாரின் மனைவி பிலோமினா டீச்சர் வந்தார். கணவரின் சட்டைப்பையில் என் விசிட்டிங் கார்டு அகப்பட்டதாம். சோறு வேகும் விதத்தைக் கூட விளக்குகிற மனிதர் இப்போது வாய் திறப்பதில்லை, மொட்டை மாடிக் கதவைச் சாத்திக்கொள்கிறார், ஏதோ பெரிய வியாதியை மறைத்து உயில் எழுதுகிறார் போலிருக்கிறது என்று சொல்லி அழுதார். டீச்சருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். ஆனால் கட்சிக்காரர் ரகசியத்தை நான் உடைக்க முடியாது. நல்லவேளையாக அளவுகள் முடிவாகி விண்ணப்பம் தயாராக இருந்தது. சாரை உடனே வரச் சொல்லி, கையெழுத்து வாங்கி, அவர்கள் கண்ணெதிரிலேயே கணினியில் தாக்கல் செய்தேன். "இனி பேசலாம் சார்" என்றேன்.

சார் மனைவி பக்கம் திரும்பி உட்கார்ந்தார். மீன் நாற்றத்துக்குக் காரணமான அமீன் என்ற வேதிப்பொருளில் ஆரம்பித்தவர், அதை அமிலம் எப்படிப் பிடித்து உப்பாக்குகிறது என்று போய்க்கொண்டே இருந்தார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். வெளியே அடுத்த கட்சிக்காரர் காத்திருந்ததால், "போதும் சார், கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இனிமே இவரை வாயை மூடச் சொல்ற உரிமை எனக்கு மட்டும்தான், மேடம்."

விண்ணப்பமும் இல்லாமல், பரிசீலனையும் இல்லாமல், எதிர்ப்பும் இல்லாமல் என் அலுவலகத்தில் அந்த நிமிடமே வழங்கப்பட்ட உரிமை இது ஒன்றுதான்.