ஒன்பதாம் இலக்க ஜேர்சி

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் ஜேர்சிகள் பதினொன்றும் என் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. மழைக்காலம் முடிந்ததும் எடுத்துத் தோய்த்து, பல்கனியில் காயப்போடுவேன். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு அரை மணித்தியாலம் போதும். கீழ் பிளாட் அம்மா ஒருமுறை, "தம்பி, வீட்டில கனபேரோ?" என்று கேட்டார். நான் தனியாள். சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

கழகம் எங்கள் ஒழுங்கையில்தான் தொடங்கியது. ரயில்பாதைக்கு அப்பால் கடற்கரை மணலில் விளையாடுவோம். பந்து தண்டவாளத்துக்குப் போனால், தெஹிவளைப் பக்கம் ரயில் வருகிறதா என்று ஒருவன் பார்க்க இன்னொருவன் ஓடிப்போய் எடுப்பான். பிறகு லீக்கில் பதிந்தோம். கொட்டாஞ்சேனைக்காரரை அவர்களுடைய மைதானத்திலேயே வென்று, உடம்பெல்லாம் சேறோடு பஸ்ஸில் வந்திறங்கிய ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிமிரும். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. செயலாளர். ஜேர்சிப் பை என் பொறுப்பு.

பிறகு ஒவ்வொருவராக வெளிநாடு போகத் தொடங்கினார்கள். முதலில் போனவன் ஒன்பதாம் இலக்கக்காரன், என் உயிர் நண்பன். எங்கள் கோல்களில் பாதி அவனுடையவை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், என்ர நம்பரை ஒருத்தருக்கும் குடுத்திடாதை. ரெண்டு வருஷத்தில வந்திடுவன்" என்றான். கொடுப்பேனா? அதுவே வழக்கமாகிவிட்டது. போகிற ஒவ்வொருவனும் தன் இலக்கத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினான். கடைசியில் ஒன்றிலிருந்து பதினொன்றுவரை எல்லாம் கனடாவிலும் லண்டனிலும் இருந்தன. இங்கே மைதானத்தில் ஓடுகிறவர்களுக்குப் பன்னிரண்டிலிருந்துதான் கிடைத்தது. இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. விசுவாசம் என்று நினைத்திருந்தேன்.

ஆள் குறைந்து தடுமாறிய நேரத்தில் காலி வீதிப் புடவைக் கடைகளில் வேலை செய்த மலையகத்து இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வந்திராவிட்டால் கழகம் அப்போதே முடிந்திருக்கும். அவர்களில் ஒருவனுக்கு இருபத்துமூன்றாம் இலக்கம் கொடுத்திருந்தேன். அந்த வருடம் எங்களைத் தூக்கி நிறுத்திய கோல்கள் எல்லாம் அவன் அடித்தவை. ஒருநாள் பயிற்சி முடிந்து என்னிடம் வந்தான்.

"அண்ணே, ஒம்பது பையில சும்மாதானே இருக்கு? நான் போட்டுக்கவா?"

"அது ஆள் இருக்கிற நம்பர்."

"வெளிநாட்டுல இருக்காருன்னாங்க. அவரு வந்தா அன்னைக்கே கழட்டிக் குடுத்துடுறேன்ணே."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உமக்குத் தந்ததைப் போட்டு விளையாடும்" என்றேன்.

அவன் இருபத்துமூன்றைக் கழற்றி மடித்து, பையின் மேல் வைத்துவிட்டுப் போனான். அடுத்த கிழமை அவனும் கூட்டாளிகளும் இரத்மலானையில் ஒரு கழகத்தில் சேர்ந்துவிட்டார்கள். போனால் போகட்டும் என்று நான் வீறாப்பாக இருந்தேன்.

ஏழு பேர் இல்லாமல் ஆட்டம் தொடங்க முடியாது. தொடர்ந்து மூன்று முறை அப்படி நடந்தால் லீக்கிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். எங்களுக்கு இரண்டு முறை ஆகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு ஆறு பேர் வந்தார்கள். ஏழாவதாக நானே இறங்குகிறேன் என்று சப்பாத்தைக் கட்டினேன். மத்தியஸ்தர் பதிவுப் பட்டியலைப் பார்த்தார், பிறகு என் வயிற்றைப் பார்த்தார். "பே, அய்யே" என்று சிங்களத்தில் சொல்லித் தலையை ஆட்டினார். முடியாதாம். விசில் ஊதினார். அவ்வளவுதான் எங்கள் கழகம். என் காலடியில் இருந்த பையில் பதினொரு ஜேர்சிகள் தோய்த்து மடித்தபடி கிடந்தன.

போன ஆவணியில் என் நண்பன் ஒரு கல்யாணத்துக்காக வந்தான். ஏறத்தாழ இருபது வருடங்களுக்குப் பிறகு. தேத்தண்ணி குடிக்க வீட்டுக்கு வரச் சொன்னேன். முதல்நாளே ஒன்பதை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தேன்.

"இதென்னடா?" என்று சிரித்தான்.

"உன்ர நம்பர். நீ சொன்னபடி ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

"நானோ? நான் எப்பவடா அப்பிடிச் சொன்னனான்?"

ஜேர்சியைத் தன் வயிற்றோடு பிடித்து ஒரு படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பினான். "ஆருக்காவது குடுத்திருக்கலாமேடா" என்றான். உண்மையிலேயே எனக்காகப் பரிதாபப்பட்டுத்தான் சொன்னான். போகும்போது அதைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வீடுதான் திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. அடுத்த ஞாயிறு ஜேர்சியை ஒரு பையில் போட்டுக்கொண்டு இரத்மலானைக்குப் பஸ் ஏறினேன். இருபத்துமூன்றாம் இலக்கக்காரன் அங்கிருந்து விலகிக் கனகாலம் என்றார்கள். "எந்தக் கடையில வேலை செய்தவர்?" என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டார். விசாரித்துப் பார்க்கலாமாம். எனக்குத் தெரியவில்லை. நான் அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை.